போய்த் திரும்பும் வழி

(கல்லூரி இயற்பியல் மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வளரும் நாடுகளின் இயற்பியலாளர்கள் உலகத்தோடு சேர்ந்து வேலை செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக அறிவியலுக்கு எல்லைகள் கிடையாது என்று தொடங்குவார்கள். அறிவியலுக்கு இல்லாமல் இருக்கலாம், அறிவியலாளருக்கு உண்டு. அவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும், விமான டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். ஆகவே நான் ஒரு கையெழுத்தில்லாத விடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

1951-இல் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்துவிட்டு லாகூர் அரசுக் கல்லூரிக்குக் கணிதப் பேராசிரியராகத் திரும்பினார். அதற்குள்ளாகவே குவாண்டம் புலக் கோட்பாட்டில் அவர் செய்த வேலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. லாகூரில் அதைப் பற்றிப் பேச ஓர் ஆள்கூட இல்லை. முதல்வர் அவரை அழைத்து, ஆராய்ச்சியை மறந்துவிடும்படி சொல்லி, கூடுதல் பொறுப்பாக மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்: விடுதிக் காப்பாளர், கணக்குவழக்குப் பார்ப்பவர், கால்பந்துக் குழுத் தலைவர். சலாம் கால்பந்தைத் தேர்ந்துகொண்டார். அந்த நாட்களில் ஒருமுறை வுல்ஃப்காங் பவுலி பம்பாய்க்கு, ஹோமி பாபாவின் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தார். வந்து போக முடியுமா என்று சலாமுக்குச் செய்தி அனுப்பினார். நவீன இயற்பியலைக் கட்டியவர்களில் ஒருவர் கூப்பிடுகிறார், சலாம் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் காத்திருந்தது.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள்தாம் இருந்தன. ஊரில் இருந்து இயற்பியலை விடுவது, அல்லது இயற்பியலுக்காக ஊரை விடுவது. 1953-இல் அஹ்மதியாக்களுக்கு எதிராக லாகூரில் கலவரம் மூண்டது; சலாம் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1954-இல் அவர் மறுபடி கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். பிற்பாடு 1979-இல் நோபல் பரிசு வாங்கியது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இருக்கக்கூடாது என்று அவர் முடிவு செய்தது.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். வளரும் நாட்டு அறிவியலாளருக்குக் கொடுக்கப்படும் உதவிகளில் பெரும்பாலானவை ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் உதவிகள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை, அதன்பின் ஆய்வுப் பணி, அதன்பின் குடியுரிமை. அப்படிப் போகிறவரை நான் குறை சொல்லவில்லை, போகிறவர் போகட்டும். ஆனால் அதற்கு உதவி என்று பெயர் வைப்பது சரியில்லை. அது வேலைக்கு ஆளெடுப்பது. உண்மையான உதவி, ஒருவர் தன் ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு, உலகத்தின் முன்வரிசை ஆய்வோடும் தொடர்பில் இருக்க வழி செய்வது. போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும், மறுபடி போகவும் முடிய வேண்டும்.

1960-இல் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் பொதுக்கூட்டம் நடந்தது. பாகிஸ்தான் பிரதிநிதியாகப் போயிருந்த சலாம், கோட்பாட்டு இயற்பியலுக்கு ஒரு சர்வதேச மையம் வேண்டும் என்று முன்மொழிந்தார். வசதியான நாடுகளுக்கு அது ரசிக்கவில்லை. கோட்பாட்டு இயற்பியல் அறிவியலின் ரோல்ஸ் ராய்ஸ் கார், ஏழை நாடுகளுக்குத் தேவை கட்டை வண்டிதான் என்ற பொருளில் ஒரு பிரதிநிதி பேசியதாகச் சலாமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பசி இருக்கிற நாட்டில் குவார்க் எதற்கு என்ற இந்தக் கேள்வியை நம் ஊரிலும் கேட்கிறார்கள். சலாமின் பதில் கணக்கு சார்ந்தது. கோட்பாட்டு இயற்பியலுக்குப் பேனாவும் தாளும் போதும். உலகத்திலேயே மலிவான அறிவியல் அது. அதில் பயிற்சி பெற்றவர் நாளைக்கு நில அதிர்வையோ காலநிலையையோ லேசரையோ எடுத்துக்கொள்ள முடியும். டிரியெஸ்தே மையமே பிற்பாடு இந்தத் துறைகளுக்கெல்லாம் விரிந்தது.

டிரியெஸ்தே என்றேன். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், அன்றைய யுகோஸ்லாவியாவின் எல்லையை ஒட்டி இருக்கும் துறைமுக நகரம் அது. அந்த ஊரில் இருந்த பாவ்லோ புதினிச் என்ற இயற்பியலாளர்தான் மையத்தை அங்கே கொண்டுவர விடாப்பிடியாக நின்றவர். இத்தாலி அரசு பெரும்பங்குச் செலவை ஏற்றது; இன்றைக்கும் ஏற்கிறது. 1964 அக்டோபரில் ஊர் நடுவே ஒரு கட்டடத்தில் மையம் தொடங்கியது. 1968-இல் கடலோரத்தில் மிராமாரே கோட்டைக்கு அருகே சொந்தக் கட்டடம் வந்தது. 1965–66-இல் அமெரிக்காவின் மார்ஷல் ரோசன்புளூத்தும் சோவியத் யூனியனின் ரோவால்ட் சக்தேயெவும் தத்தம் சகாக்களோடு அங்கே பிளாஸ்மா இயற்பியலில் சேர்ந்து வேலை செய்தார்கள். இரு நாடுகளும் ஒன்றையொன்று பார்த்து ஏவுகணைகளை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. நடுநிலையான கூரை ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

ஆனால் மையத்தின் உயிர்நாடி அந்தப் பெரிய பெயர்களில் இல்லை. ‘அசோசியேட்’ என்று ஒரு திட்டம் வைத்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளை தொடக்கத்தில் பணம் கொடுத்தது. கானாவிலோ சூடானிலோ பெருவிலோ இந்தியாவிலோ கல்லூரியில் வேலை பார்க்கும் ஓர் இயற்பியலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை டிரியெஸ்தே வரலாம். ஒவ்வொரு முறையும் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை தங்கலாம். பயணச் செலவும் தங்கும் செலவும் மையத்தினுடையது. வேலையை விடவேண்டியதில்லை. கோடை விடுமுறையில் வரலாம். வந்து என்ன செய்யவேண்டும் என்று யாரும் கட்டளையிட மாட்டார்கள். நூலகத்தில் உட்காரலாம், கருத்தரங்குக்குப் போகலாம், பக்கத்து அறைக்காரரோடு கரும்பலகையின் முன்னால் நின்று சண்டை போடலாம்.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். வளரும் நாட்டில் குடியிருந்து வேலை செய்பவருக்குத்தான் இந்தத் தகுதி. வெளிநாட்டிலேயே நிலைத்துவிட்டால் அசோசியேட் இல்லை. ஊருக்குத் திரும்புகிறவருக்கே அடுத்த அழைப்பு. புலம்பெயர்தலைக் கண்டித்துக் கூட்டம் போடாமல், திரும்பி வருவதை லாபகரமாக்கிவிட்டார் சலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அந்த மையத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். அறிவியல் உதவி என்ற பெயரில் தீட்டப்பட்ட திட்டங்களில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு புத்திசாலித்தனமும் உள்ள இன்னொன்றை நான் அறியேன்.

இன்றைக்கு இணையம் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று மாணவர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் ஆய்வுக் கட்டுரையின் முன்படியைத் தட்டச்சு செய்து தபாலில் அனுப்புவார்கள். அனுப்பப்படும் முகவரிகளின் பட்டியலில் ஹார்வர்டு இருக்கும், நம் கல்லூரி இருக்காது. அச்சிட்ட இதழ் கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். 1991-இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற மின் களஞ்சியம் இந்த அநீதியில் பாதியைத் துடைத்தெறிந்தது. இன்று காலையில் பிரின்ஸ்டனில் படிக்கிற கட்டுரையை அதே காலையில் பெரியகுளத்திலும் படிக்கலாம். இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் கட்டுரை என்பது முடிந்த வேலை. முடியாத வேலைதான் ஆராய்ச்சி. எந்தக் கணக்கை மூன்று பேர் முயன்று கைவிட்டார்கள், எந்தக் கேள்வி செத்துவிட்டது, எது இனிமேல் சூடுபிடிக்கப் போகிறது என்பதெல்லாம் எந்த இதழிலும் அச்சாவதில்லை. அது தேநீர் வேளையில் வாய்மொழியாகக் கிடைப்பது. காணொளிக் கூட்டத்தில் பெரியவரிடம் அசட்டுக் கேள்வி கேட்க யாருக்கும் துணிவு வராது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தனியாக மாட்டினால் கேட்கலாம். ஆராய்ச்சியில் அசட்டுக் கேள்விகளுக்கு இருக்கும் மதிப்பு இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது பேனா, தாள் இயற்பியல். கருவி வைத்துச் செய்யும் இயற்பியலில் கதை வேறு. அங்கே ஒருவர் கையில் பணமும் கருவியும் இருக்கும், இன்னொருவர் கையில் எதுவும் இருக்காது. அப்போது அது கூட்டாளித்தனமாக இல்லாமல் கொடையாகிவிடும். இதற்கு மாறான ஒரு கதை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

கோலார் தங்க வயல் உங்களுக்குத் தெரியும். அந்தச் சுரங்கங்களில் இறங்கித் தங்கம் எடுத்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அவையும் சேர்ந்தவை. டாட்டா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி முதலானோர் 1960-களின் தொடக்கத்தில் அங்கே காஸ்மிக் கதிர்களை அளந்துகொண்டிருந்தார்கள். விண்ணிலிருந்து வரும் துகள்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள் பிறக்கிறது. அது பாறையைத் துளைத்துக்கொண்டு ஆழம்வரை போகும். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறையும். கீழே, இன்னும் கீழே என்று கருவியை இறக்கிக்கொண்டே போனார்கள். மிக ஆழமான இடத்தில் வைத்துக் காத்திருந்தபோது ஒரு மியூவான்கூடப் பதியவில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவர்கள் மாற்றி யோசித்தார்கள். மேலிருந்து வரும் இரைச்சல் முழுக்க அடங்கிய இடம் கிடைத்துவிட்டது. இனி இங்கே எதுவாவது பதிந்தால் அது பாறையையும் பூமியையும் சட்டை செய்யாமல் வரும் நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்கும். காற்றில் பிறக்கும் நியூட்ரினோ அரிதாக ஒருமுறை பாறையின் அணுக்கருவில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கும். பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால் போதும், சேதி புரிந்துவிடும். ஏனென்றால் பக்கவாட்டில் அத்தனை பாறையைக் கடந்து மேலிருந்து எந்த மியூவானும் வந்திருக்க முடியாது.

ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து சபுரோ மியாகேயின் குழு வந்தது. இங்கிலாந்தின் டர்ஹமிலிருந்து ஆர்னால்ட் உல்ஃபெண்டேலின் குழு வந்தது. துகளின் தடத்தைக் காட்டும் நியான் மின்னொளிக் குழாய்கள் டர்ஹம் குழுவின் கைவரிசை. தரைக்குக் கீழே ஏறக்குறைய 2.3 கிலோமீட்டரில் கருவிகளை நிறுத்தினார்கள். அதே சமயம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்காவின் ஃபிரெடெரிக் ரைன்ஸ் இதே வேட்டையில் இருந்தார். நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்த குழுவை நடத்தியவர் அவர். காற்றில் பிறந்த நியூட்ரினோவின் தடம் 1965-இல் முதலில் அவர் கருவியில் பதிந்தது; ஆனால் கட்டுரை அச்சில் முதலில் வந்தது கோலார் குழுவுடையது. இரண்டும் ஆகஸ்ட் மாதம், ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில்.

இந்தக் கூட்டணியில் யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை. அவர்களிடம் கருவி இருந்தது. நம்மிடம் ஆழம் இருந்தது, அந்த ஆழத்தைப் படிப்படியாக அளந்து வைத்த வேலை இருந்தது, சுரங்கத்துக்குள் பாரம் இறக்கவும் கம்பி இழுக்கவும் தெரிந்த தொழிலாளிகள் இருந்தார்கள். கட்டுரையில் அந்தத் தொழிலாளிகளின் பெயர் இல்லை. பேராசிரியர்கள் பெயர் இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. 1980-இல் அதே சுரங்கத்தில் இந்திய–ஜப்பான் குழு புரோட்டான் சிதைகிறதா என்று தேடியது. தேடியது உறுதிப்படவில்லை. ஆனால் அந்தச் சோதனைக்குச் செய்த, ஆறு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்க் கருவிகளை ஊட்டிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தின் மியூவான் தொலைநோக்கியில் இருக்கும் 3,712 குழாய்கள் அந்த வழியில் வந்தவை. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஊட்டி வானத்தில் ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான்களின் எண்ணிக்கை மாறியதை வைத்து, அந்த மேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். புரோட்டானின் சிதைவைத் தேடச் செய்த குழாய், கடைசியில் இடியை எடைபோட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட உறவு இல்லாமல் இப்படி ஒன்று நடக்காது. மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் கேட்பீர்கள். கோலாரின் வாரிசாக அங்கே வர இருந்த நியூட்ரினோ ஆய்வகம் எதிர்ப்பினாலும் வழக்குகளினாலும் நின்றுபோய்விட்டது. எதிர்த்தவர்கள் சொன்ன அறிவியல் காரணங்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒசாகாவோடும் டர்ஹமோடும் பேசத் தெரிந்த நாம், அந்த மலையடிவாரத்து ஊர்க்காரர்களோடு அவர்கள் மொழியில், உரிய காலத்தில் பேசவில்லை என்பது என் எண்ணம்.

ஒன்றோடொன்று பேசாத நாடுகள் சேர்ந்து வேலை செய்வதற்கும் ஓர் உதாரணம் உண்டு: ஜோர்டானில் அல்லான் என்ற ஊரில் செசமீ என்ற சின்க்ரோட்ரான் இருக்கிறது. ஜெர்மனி கைவிட்ட பழைய பெர்லின் இயந்திரம் ஒன்றை மத்தியக் கிழக்குக்குக் கொடுக்கலாமே என்று 1997-இல் ஹெர்மன் வினிக், குஸ்தாவ்-அடோல்ஃப் ஃபோஸ் என்ற இருவர் யோசனை சொன்னார்கள். பழைய இயந்திரம் முன்முடுக்கியாக மட்டும் மிஞ்சியது. முக்கிய வளையத்தைப் புதிதாகவே கட்டினார்கள். 2017 மே மாதம் திறந்தார்கள். உறுப்பு நாடுகளின் பட்டியலைக் கேளுங்கள்: இஸ்ரேல், ஈரான், பாலஸ்தீனம், எகிப்து, துருக்கி, சைப்ரஸ், பாகிஸ்தான், ஜோர்டான். இவற்றில் ஒன்றையொன்று நாடு என்றே ஒப்புக்கொள்ளாதவை உண்டு. செசமீயின் பணிகளில் பங்குகொண்ட ஈரானிய இயற்பியலாளர்கள் இருவர், மசூத் அலிமுகம்மதியும் மஜித் ஷாரியாரியும், 2010-இல் தெஹ்ரானில் வெடிகுண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். இயற்பியல் சமாதானத்தைக் கொண்டுவந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. செசமீ எந்தப் போரையும் நிறுத்தவில்லை. ஆனால் ஒரே கட்டுப்பாட்டு அறையில் அந்த நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஊடுகதிர் ஓடுகிறது. மின்கட்டணம் கட்ட முடியாமல் தவித்தபோது 2019-இல் தனக்கென ஒரு சூரிய மின்நிலையமும் அமைத்துக்கொண்டது.

செர்னில் இருக்கும் சிஎம்எஸ் என்ற பிரமாண்டக் கருவியில்கூட, காந்தத்தைத் தாங்கும் கால்கள் பாகிஸ்தானின் தக்ஷசீலத்துத் தொழிற்சாலையில் செய்தவை. வெளிப்புற ஹாட்ரான் கலோரிமீட்டர் இந்தியாவின் பங்கு. எல்லைக் கோட்டில் சுட்டுக்கொள்ளும் இரு நாடுகள் ஜெனீவாவுக்கு அருகே நூறு மீட்டர் ஆழத்தில் ஒரே இரும்பைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் அங்கே ஒரு சங்கடமும் உண்டு. 2015-இல் வந்த ஒரு ஹிக்ஸ் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதும், தன் ஊரில் ஒரு கருவியைக் கழற்றி மாட்டத் தெரிந்திருப்பதும் ஒன்றில்லை. சின்னக் கூட்டணியில்தான் கை அழுக்காகும்.

இனி நம் வீட்டு விஷயம். நாம் இன்னும் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தியோப்பியாவிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர் சென்னைக்கு ஆறு வாரம் வந்து தங்க வேண்டுமானால் என்னென்ன அனுமதி வேண்டும் என்று விசாரித்துப் பாருங்கள். மாநாட்டுக்குத் தனி விசா. மாநாட்டுக்கே வெளியுறவுத் துறையின், உள்துறையின் ஒப்புதல். பாகிஸ்தான்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பவுலியைப் பார்க்க லாகூரிலிருந்து பம்பாய் வந்ததுபோல இன்று ஓர் இளம் ஆசிரியர் வந்துவிட முடியாது. வெளிநாட்டுத் தூதரகங்கள் நம் மாணவர்களின் விசாவை மறுக்கும்போது நமக்கு வரும் கோபம் நியாயமானதுதான். அதில் கொஞ்சத்தை டெல்லியை நோக்கியும் திருப்பலாம்.

சலாமின் திட்டத்தை உள்நாட்டிலேயே செய்து காட்டியவர்களும் இங்கே உண்டு. 1988-இல் புனேயில் ஜயந்த் நார்லிகர் தொடங்கிய பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல் மையம், கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களை அசோசியேட்டுகளாகத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் வந்து தங்கி ஆய்வு செய்யப் பணம் கொடுக்கிறது. டாட்டா நிறுவனத்துக்கும் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றுக்கும் உள்ள தூரம், சில சமயம் கேம்பிரிட்ஜுக்கும் லாகூருக்கும் இருந்ததைவிடக் குறைவானதல்ல. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம், தேர்வுத்தாள், அங்கீகாரக் குழுவுக்குக் கோப்பு. இதற்கு நடுவே ஆராய்ச்சி செய்கிற ஆசிரியர்களுக்குக் கோடையில் ஒரு மேசையும் பேச ஓர் ஆளும் கிடைத்தால் என்ன நடக்கும் என்று புனே காட்டியிருக்கிறது. வானியலுக்கு நடந்தது பொருளறிவியலுக்கும் புள்ளியியல் இயற்பியலுக்கும் நடக்கலாம். மாநில அரசு ஒன்று நினைத்தாலே போதும்.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. டிரியெஸ்தே மையம் 1991 முதல் வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது. ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய பத்துப் பேர்தான். கட்டணம் கிடையாது, பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பம் இணையத்தில் இருக்கிறது. இங்கே படிக்கிறவர்கள் விண்ணப்பித்தால் கிடைக்காது என்று நீங்களாகவே முடிவுகட்டாதீர்கள்.

முன்வரிசையில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த விண்ணப்பத்துக்கு நீங்கள்தான் பரிந்துரைக் கடிதம் எழுதுவீர்கள். நன்னடத்தை உள்ளவர், பணிவானவர், வருகைப் பதிவு திருப்திகரம் என்று எழுதி அனுப்பாதீர்கள். விண்ணப்பிக்கும் மாணவி எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாள், எப்படி வெளியே வந்தாள், வகுப்பில் உங்களை எந்தக் கேள்வியால் திணறடித்தாள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். கடல் கடந்து இருக்கும் தேர்வுக் குழுவுக்கு அவளைக் காட்ட அதுதான் ஒரே வழி. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்பதை இன்றைக்கே துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.